மறுமொழி: ‘பிளாக் டைம்’ என்பதை ‘நிலையிடைக் காலம்’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

வானூர்திப் பயணத்தின் தொலைவையும் நேரத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று இவ்விழையில் பேசி வருகிறோம். இரு வானூர்தி நிலையங்களுக்கு இடையிலான தொலைவுக்கு இங்கே முன்வைக்கப்பட்ட ‘வான்தொலைவு’ எனக்கு உவப்பாக இல்லை. விண்மீன்களின் தொலைவைப் பேசுவதாகவே அது முதலில் தோன்றும். உலக உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் (உருண்டையை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் வட்டத்தின்) வில் என்பதால், ‘பெருவட்டத் தொலைவு’ என்பதே போதும். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி நிலையத்துக்கும் இது ஏறத்தாழ 5,540 கி.மீ.

சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. அதே தொலைவை மேற்கு நோக்கிக் கடக்க ஏறத்தாழ 8 மணி நேரமும், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னிருந்து தள்ளுவதால் கிழக்கு நோக்கித் திரும்ப ஏறத்தாழ 7 மணி நேரமும் கால அட்டவணையில் ஒதுக்கப்படுகின்றன. இது பறக்கும் நேரம் மட்டுமன்று. நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல், ஓடுபாதைக்கு ஊர்ந்து, வரிசையில் காத்திருந்து, பறந்து, இறங்கி, மறுமுனையில் நிற்கும் வரையிலான முழு நேரம். இதையே ‘பிளாக் டைம்’ என்கிறார்கள். பன்னாட்டு வான்போக்குவரத்து விதிகளில் வரும் ‘ஃபிளைட் டைம்’ என்பதும் இதே பொருளுடையது. ஆகவே அதைப் ‘பறப்பு நேரம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் விமானியின் பணிக்கணக்கே பிழையாகப் புரிந்துகொள்ளப்படும்.

‘பிளாக் டைம்’ என்பதற்கு இவ்விழையில் வந்த ‘தொகுதி நேரம்’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. இங்கே ‘பிளாக்’ என்பது தொகுதியன்று. நிற்கும் வானூர்தியின் சக்கரம் உருளாதபடி முன்னும் பின்னும் வைக்கும் ஆப்பு வடிவக் கட்டை. தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்தபடி நடந்து, உரிய நொடியில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்பியும் நிறுத்தியும் வருபவர்களை நாம் பார்த்திருக்கிறோம்; வீதிகளைச் சுற்றி முடித்ததும் ‘தேர் நிலைக்கு வந்துவிட்டது’ என்றுதான் சொல்கிறோம். புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் ‘நிலை’ என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கும்போது, கட்டையைத் தமிழாக்கிக்கொண்டு இருப்பானேன்?

முதலில் ‘நிலைசேர் நேரம்’ என்றே எழுத நினைத்தேன். ஆனால் அது வந்து நின்ற மணித்துளியைக் குறிக்குமா, முழுக் கால அளவையா என்ற ஐயம் எழும். எனவே கடிகாரம் காட்டும் நேரத்துக்கு ‘நேரம்’ என்றும் அளவுக்குக் ‘காலம்’ என்றும் பிரித்துக்கொள்வது நல்லது: கட்டை எடுத்து நகர்வது நிலைவிடு நேரம், வந்து நிற்பது நிலைசேர் நேரம், இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நிலையிடைக் காலம். சக்கரம் தரையை விட்டு எழுந்தது முதல் மீண்டும் தரையைத் தொடும் வரை உள்ளதற்கு மட்டும் ‘பறப்புக் காலம்’ என்பதை ஒதுக்கிவிடலாம்.

ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதைக் குறிக்கும் ‘டாக்ஸியிங்’ என்பதற்குத் ‘தரையூர்வு’ என எழுதி வருகிறேன். இதனினும் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.