கழுவினாலும் போகாத கறுப்பு: ரைசோக்டோனியாவைக் குழு பிரித்தறிந்த அனுபவங்கள்

தாவர நோயியல் ஆய்வு மாணவி, ஜலந்தர்

விதைக்கிழங்கின் தோலில் மண்ணைப் போல ஒட்டிக்கொண்டு, எவ்வளவு கழுவினாலும் போகாமல், நகத்தால் சுரண்டினால் மட்டும் பெயர்ந்துவரும் கறுப்புப் பொருக்குகள் ரைசோக்டோனியா சொலானி என்னும் மண்வாழ் பூஞ்சையின் இறுகிய இழைமுடிச்சுகள் என்பது இங்கு எழுதும் பலருக்கும் தெரிந்ததே. 1858ஆம் ஆண்டில் ஜெர்மானியரான யூலியஸ் கூன் இதை உருளைக்கிழங்கிலிருந்துதான் விவரித்தார். ஆனால் அந்த ஒரே பெயருக்குள், இழையோடு இழை சேராத பல கூட்டங்கள் அடங்கியுள்ளன. ஏ.ஜி.-1 முதல் ஏ.ஜி.-13 வரை எண்ணிடப்பட்ட அவற்றை இழையிணைவுக் குழுக்கள் (அனாஸ்டமோசிஸ் குரூப், சுருக்கமாக ஏ.ஜி.) என்கிறோம். உருளைக்கிழங்கைத் தாக்குவது பெரும்பாலும் ஏ.ஜி.-3தான். ஏ.ஜி.-2-1, ஏ.ஜி.-4, ஏ.ஜி.-5 ஆகியனவும் அவ்வப்போது தலைகாட்டும்.

முதலாண்டில் குழு கண்டறிய என்னிடம் தரப்பட்டவை 12 பூஞ்சை வளர்ப்புகள். கண்ணாடித் தகட்டில் நீர் அகார் என்னும் கூழை மெல்லியதாகப் பூசி, ஒரு முனையில் டெஸ்டரையும் (குழு ஏற்கெனவே தெரிந்த வளர்ப்பு) மறுமுனையில் நம்முடையதையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, இரண்டின் இழைகளும் நடுவில் சந்திக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏ.ஜி.-3 டெஸ்டரோடு வைத்தவற்றை 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்தபோது, இழைகள் தொட்ட இடத்தின் இருபுறமும் நான்கைந்து அறைகள் (செல்கள்) உள்ளீடு சுருங்கி, வெறும் கூடுகளாகத் தெரிந்தன. ஒன்றை ஒன்று கொன்றுவிட்டன, ஆகவே வேறு வேறு குழு என்று முடிவுகட்டி, ஏழு வளர்ப்புகளுக்கு நேரே ‘இணையவில்லை’ என்று குறித்துவிட்டேன்.

என் வழிகாட்டி குறிப்பேட்டைப் பார்த்துச் சிரித்தார். “அம்மா, பங்காளிகள்தாம் அடித்துக்கொள்வார்கள், வழிப்போக்கர்கள் தொடாமல் கடந்துபோவார்கள்” என்றார். இழைச்சுவர் கரைந்து, உட்சவ்வுகள் ஒன்றுகூடிய பிறகே அந்தச் சாவு நேர்கிறது. அது ஒரே குழுவைச் சேர்ந்த, ஆனால் மரபால் வேறான இரண்டு பூஞ்சைகள் சந்தித்ததற்கான அடையாளம். சாவில்லாத முழு இணைவு தன்னோடோ தன் நேர்ப்படியோடோ (குளோன்) சேரும்போதுதான் பெரும்பாலும் நிகழும். அந்த ஏழும் ஏ.ஜி.-3 என்று திருத்தி எழுதினேன். மேலும் இரண்டு ஐயமின்றி அதிலேயே சேர்ந்தன. எஞ்சிய மூன்று, என்னிடமிருந்த எந்த டெஸ்டரோடும் இன்றுவரை இணையவில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்

அந்த மூன்றின் அறைகளுக்குள் உள்ள கருக்களை (நியூக்ளியஸ்) எண்ணினீர்களா, அம்மா? கிளை செங்கோணத்தில் பிரிவதும், பிரியுமிடத்தில் இழை சற்று இறுகியிருப்பதும், அதையடுத்துத் தடுப்புச்சுவர் விழுவதும் சொலானிக்கு மட்டுமே உரிய அடையாளங்கள் அல்ல. பாலிலா வித்துகளே தோன்றாத இந்தப் பூஞ்சையில் உருவத்தை வைத்துச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. சொலானியின் ஒவ்வோர் அறையிலும் மூன்றுக்கு மேற்பட்ட கருக்கள் வழக்கமாக இருக்கும். இருகரு ரைசோக்டோனியா என்னும் இன்னொரு கூட்டத்தில் இரண்டே இருக்கும். இதை முதலில் பார்க்காமல் ஒரு மாதம் முழுவதும் டெஸ்டர்களைத் தட்டுத் தட்டாக வீணாக்கியவன் நான். ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் ஒரு சொட்டு சஃப்ரானின் சாயமும் இருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது.

மூலக்கூறு ஆய்வில் இருப்பவர்

தகட்டில் பொறுமை இல்லாத நான் நேரே, பூஞ்சைகளை இனங்காண உதவும் ஐ.டி.எஸ். என்னும் டி.என்.ஏ. பகுதியின் வரிசையைப் படிக்க அனுப்பினேன். வரிசை வரைபடத்தில் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. வரிசை எடுத்துத் தந்த நிறுவனமோ மாதிரி கலப்படமானது என்று எழுதிவிட்டது. ஒற்றை இழை நுனியிலிருந்து மூன்று முறை தூய்மைப்படுத்தி அனுப்பியும் அதே விடைதான். பல கருக்களும், ஒவ்வொரு கருவிலும் ஐ.டி.எஸ்.ஸின் பல படிகளும் கொண்ட உயிரியில் அந்தப் படிகள் தமக்குள் சற்றே வேறுபட்டிருக்கலாம் என்று உணர்ந்து, படிகளைத் தனித்தனியே பிரித்துப் படித்த பின்பே ஏ.ஜி.-3 என்பது தெளிவானது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். விதைநேர்த்திக்குப் பயன்படும் பென்சிகூரான் என்னும் பூஞ்சைக்கொல்லி ஏ.ஜி.-3ஐ நன்றாகக் கட்டுப்படுத்தும், ஏ.ஜி.-5இடம் அவ்வளவாகச் செல்லாது. பயிர்ச்சுழற்சியிலும் அப்படியே: ஏ.ஜி.-3இல் கிழங்கைத் தாக்கும் வகை பெரிதும் உருளைக்கிழங்கையே சார்ந்தது, ஏ.ஜி.-2-1 கடுகுக் குடும்பப் பயிர்களிலும் வாழும். கிழங்குக்குப் பின் கடுகு விதைக்கும் வயலில் ‘ரைசோக்டோனியா உள்ளது’ என்று மட்டும் எழுதித் தரும் அறிக்கை, என்னைக் கேட்டால், பாதி அறிக்கைதான்.

ஆய்வு மாணவி

ஐயா சொன்னபடி நேற்றிரவு சாயமிட்டுப் பார்த்தேன். மூன்றில் ஒன்றில் அறைக்கு இரண்டே கருக்கள் இருந்தன, அதை ஒதுக்கிவிட்டேன். மற்ற இரண்டிலும் ஐந்து முதல் எட்டு வரை எண்ண முடிந்தது. ஏ.ஜி.-5 டெஸ்டர் இதுவரை என் கைவசம் இல்லை. இன்று காலை பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கி இரண்டையும் அதனோடு தகட்டில் வைத்திருக்கிறேன். இழைகள் இன்னும் ஒரு சென்டிமீட்டர் வளர வேண்டும்.