மரப்பாலத்துக்கு எதற்கு ஓட்டுவீடு மாதிரி கூரை?

தேனிக்காரி:
பையனைப் பார்க்க பாஸ்டன் வந்திருக்கிறேன். போன வாரம் காரில் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாலம் காட்டினான். நியூ ஹாம்ப்ஷயரில் கார்னிஷ், எதிர்க்கரையில் வெர்மான்ட்டின் விண்ட்சர். நடுவே கனெக்டிகட் ஆறு. தூரத்திலிருந்து பார்த்தால் நீளமான மாட்டுக்கொட்டகையைத் தூக்கி ஆற்றின் மேல் வைத்த மாதிரி. உள்ளே போனால் இருட்டு, மர வாசனை, இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். கூரை எதற்கு என்று கேட்டேன். "ரோட்டில் பனி விழாம இருக்கம்மா" என்றான். அவன் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, அவனுக்கும் தெரியாது என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஆற்றங்கரை_வாசி:
அம்மா, நான் அந்தப் பக்கம்தான் பத்து வருஷமாக இருக்கிறேன். உங்கள் பையன் சொன்னதற்கு நேர் எதிர்! குளிர்காலத்தில் அந்தக் காலத்தவர்கள் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில்தான் போவார்கள். வெறும் பலகையில் அது சறுக்காது. அதனால் வெளியே கிடக்கும் பனியை ஆள் வைத்து வாரி, பாலத்துக்குள் கொண்டுவந்து கொட்டிப் பரப்புவார்கள்.

கூரை நமக்கில்லை, பக்கச் சட்டங்களுக்கு. நீங்கள் சுவர் என்று பார்த்தீர்களே, அதுதான் பாலமே. தளத்தின் பாரம் முழுவதும் அந்த இரண்டு பக்கச் சட்டகங்களுக்குப் போய், அங்கிருந்து கரைக்கும் நடுத் தூணுக்கும் இறங்குகிறது. இணைப்புகளில் மழைத்தண்ணீர் தேங்கினால் பத்துப் பதினைந்து வருஷத்தில் உளுத்துவிடும். 1805இல் ஃபிலடெல்ஃபியாவில் டிமதி பாமர் ஒரு பெரிய மரப்பாலம் கட்டினார். அதை மூடிவிடலாம் என்று யோசனை சொன்னது பாலக் கம்பெனியின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி. பாமரும் ஒத்துக்கொண்டார். மூடினால் முப்பது நாற்பது வருஷம் தாங்கும் என்பது அவர் கணக்கு. கூரைப்பலகை கெட்டால் மாற்றிக்கொள்ளலாம், செலவு கொஞ்சம்தான். சட்டம் கெட்டால் பாலமே போச்சு.

நீங்கள் பார்த்த குறுக்குச் சட்ட அமைப்பு ஐதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை வாங்கியது. பெரிய தூலம் தேட வேண்டாம், ஊர்த் தச்சர்களே கட்டிவிடலாம். மனுஷன் கெட்டிக்காரர். அடிக்கு ஒரு டாலர் வாங்கிக்கொள்வாராம். கேட்காமல் கட்டி மாட்டிக்கொண்டால் இரண்டு டாலர்.

உங்கள் பாலம் 1866இல் கட்டியது. டாஸ்கர், ஃப்ளெட்சர் என்ற இருவர் வேலை, செலவு 9,000 டாலர். சுமார் 450 அடி, இரண்டே கண். அதே இடத்தில் இது நாலாவது பாலம். 1943 வரை சுங்கம் வசூலித்தார்கள். நுழையும் இடத்தில் மேலே பலகை பார்த்தீர்களா? குதிரையை நடத்திக்கொண்டு போ, இல்லையென்றால் இரண்டு டாலர் அபராதம். இன்னொன்று: மாநில எல்லை வெர்மான்ட் கரையோரமாகவே போகிறது. பாலம் ஏறக்குறைய முழுவதும் நியூ ஹாம்ப்ஷயருக்குச் சொந்தம்.

உளிச்சத்தம்:
அப்பா தச்சர், நானும் கொஞ்ச நாள் உளி பிடித்தவன். மேலே சொன்னது சரி, ஒன்று சேர்க்கிறேன். மரத்துக்கு அறுத்த தலைப்பக்கம்தான் வாய். தண்ணீரை அங்கேதான் குடிக்கும். இணைப்பு என்றாலே தலையும் இடுக்கும்தான். ஆனால் கூரை போட்டுவிட்டால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். சக்கரம் கொண்டுவரும் மண்ணும் ஈரமும் பாலத்தின் இரண்டு முனையிலும் சேரும். சட்டகம் கரைக்கல்லில் உட்காருகிற இடம் அங்கேதான், முதலில் உளுப்பதும் அங்கேதான்.

டவுன் முறையில் பலகையால் கட்டிய பாலங்களில் ஆணியைப் பாருங்கள். இரும்பு இல்லை, ஓக் மரத்தில் கடைந்த முளை. ஒன்றரை, இரண்டு அங்குல விட்டம். பலகைகள் குறுக்கிடும் இடத்தில் துறப்பணத்தால் துளை போட்டு அடித்து இறக்குவது. நியூ ஹாம்ப்ஷயரில் 1829இல் கட்டிய ஹேவர்ஹில்–பாத் பாலம் இந்த வகைதான்.

தேனிக்காரி:
ரெண்டு பேருக்கும் நன்றி தம்பிகளா. பையனிடம் பனி வாரிக் கொட்டிய கதையைச் சொன்னேன், சத்தமே இல்லை. முளை இருக்கிறதா என்று போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். என் படத்தில் பலகை மாதிரி தெரியவில்லை. கனமான கட்டை. ஒன்றின் மேல் ஒன்று சும்மா படியாமல், குடைந்து உள்ளே உட்கார்ந்த மாதிரி இருக்கிறதே?

ஆற்றங்கரை_வாசி:
சரியாகப் பிடித்துவிட்டீர்கள் அம்மா. டாஸ்கரும் ஃப்ளெட்சரும் பலகைக்குப் பதில் சதுரக் கட்டை போட்டு, குறுக்கிடும் இடத்தில் வெட்டு விட்டுப் பொருத்தினார்கள். ஆனால் எல்லாமே 1866 மரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1989இல் முடிந்த மராமத்தில் பல இடங்களில் ஒட்டுமரம், அதாவது பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்த கட்டை, போட்டார்கள். சுத்தமாக, ஒரே நிறமாகத் தெரிந்தால் அது அதுதான்.

தேனிக்காரி:
அட, இரண்டாவது போட்டோவில் கீழ்ச்சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நான் வெயில் பட்டதென்று நினைத்தேன்.