மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது, ஏன்?

கேள்வி: டென்ஷன் ஏறும்போது மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்கிறார்கள். செய்தால் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. எங்கே தவறு?

பதில் 1: வேகமாக, பெரிதாக இழுப்பதுதான் தவறு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். சுற்றலும் மரமரப்பும் அதனால்தான். இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் முக்கியம். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இயல்பாக உள்ளே, 6 எண்ணும்வரை மெல்ல வெளியே. ஒரு எண்ணுக்கு ஒரு வினாடி வைத்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு. 5 நிமிடம் போதும். வயிற்றில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை வையுங்கள். வயிற்றுக் கைதான் எழ வேண்டும். மூச்சை அடக்காதீர்கள். சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் சுவாசியுங்கள்.

பதில் 2: உட்காரவே முடியாத படபடப்பு என்றால் முதலில் 10 நிமிடம் வேகநடை, பிறகு மூச்சு. தோளைக் காதுவரை தூக்கி 5 வினாடி இறுக்கி, சட்டென்று தளரவிடுங்கள், 3 முறை. கழுத்து வலி இருந்தால் வேண்டாம்.

பதில் 3: காபியையும் கவனியுங்கள். உடலில் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியத்துக்குமேல் தவிர்ப்பது நல்லது. 2 வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.