கலைச்சொல் வேண்டும்: வண்டி ஓட்டியபடி கேட்கும் வழிகாட்டிக்கு (வெள்ளி மாலைக்குள்)

மடல் 1: இழை தொடங்கியவர்

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு செயலியைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை கோப்பு போயாக வேண்டும். மற்ற சரங்கள் (திரையில் வரும் சொற்றொடர்கள்) எல்லாம் முடிந்தன. ஒன்று மட்டும் நான்கு நாளாகத் தொண்டையில் நிற்கிறது.

மூலத்தில் "செல்ஃப் கைடட் வில்டர்னஸ் ஆடியோ டிரைவிங் டூர்" என்று இருக்கிறது. பொருள் இதுதான். காடு மலை வழியே நீங்களே வண்டி ஓட்டிப் போகிறீர்கள். கூட வழிகாட்டி என்று ஆள் கிடையாது. முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்த பதிவு, ஜிபிஎஸ்ஸைப் பார்த்து, குறித்த இடம் வந்ததும் தானே பேசுகிறது. "அடுத்த வளைவு தாண்டியதும் வலப்பக்கம் ஒதுங்க இடம் உண்டு, நிறுத்தினால் அருவி தெரியும்" என்கிற மாதிரி. ஜிபிஎஸ்ஸுக்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை என்பதால் சிக்னல் செத்த இடத்திலும் பேசும். இப்படிப் போவதற்கு ஒரு பெயர் வேண்டும். தலைப்பிலும் பொத்தானிலும் அதே சொல்தான் வரும். பொத்தானில் 20 குறிகளுக்கு மேல் இடமில்லை.

நான் எழுதி வைத்திருப்பது "தன்வழிகாட்டிக் கேட்பொலி ஊர்திச் சுற்றுலா". சிரிக்க வேண்டாம்.

மடல் 2: இலக்கண ஆசிரியர்

அம்மா, வீட்டில் நெய் இருக்க வெளியே அலைகிறீர்கள். ஒருவர் போய்வந்த வழியை இன்னொருவருக்குச் சொல்லி அனுப்புவதற்கு நம்மிடம் தனி இலக்கிய வகையே உண்டு. "ஆற்றிடைக் காட்சி உறழத் தோன்றி" என்று தொல்காப்பியப் புறத்திணையியல் இலக்கணம் சொல்கிறது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. ஆகவே ஒலியாற்றுப்படை. வேறு தேட வேண்டாம்.

அதிலும் மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 583 அடி. நன்னனிடம் போகும் கூத்தருக்கு, எந்த இடத்தில் பன்றிக்கு வைத்த கற்பொறி இருக்கும், எங்கே குழியில் பாம்பு கிடக்கும், தினைப்புனக் காவலர் யானைக்கு எறியும் கவண்கல் எந்தப் பக்கம் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. பொறி உள்ள தடத்தில் விடிந்தபின் போங்கள் என்கிறது. உங்கள் செயலி செய்வது இதைத்தானே? பெயரையும் பாருங்கள். மலையாகிய யானையிடம் பிறக்கும் ஓசைகளைக் கடாம் (மதநீர்) என்று உருவகித்த பாட்டு. அருவி, யானை, குறவர் என்று ஓசைகளாக அடுக்கி, "மலைபடு கடாஅம் மாதிரத்து இயம்ப" என்று முடிக்கிறார் புலவர். மலை, வழி, ஒலி மூன்றும் ஒரே பாட்டில்.

மடல் 3: நிரல் எழுதுபவர்

> வேறு தேட வேண்டாம்

ஐயா, அழகுதான். நான் முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். கணினி எழுத்தை எண்ணாது, குறியைத்தான் எண்ணும். புள்ளி ஒரு குறி, கொம்பு ஒரு குறி. "ஒலியாற்றுப்படை" நமக்கு எட்டு எழுத்து, அதற்கு 14 குறி. தேறிவிட்டது. "கேட்பொலி வழிகாட்டிச் சுற்றுலா" 29. இழை தொடங்கிய அக்காவுடைய சொல்லை எண்ணவே இல்லை, மன்னிக்கவும்.

அடுத்தது, "தன்" என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். தன்னோட்டம், தானோட்டி எல்லாம் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் காருக்குப் போய்விட்டன. "ஆளில்லா வழிகாட்டி" என்றால் தலைக்குமேல் ட்ரோன் பறக்கும். உண்மையில் இங்கே யாரும் தனக்குத் தானே வழி காட்டிக்கொள்வதும் இல்லை, பதிவுதான் காட்டுகிறது. மூலத்திலேயே "செல்ஃப் கைடட்" என்ற சொல் பொய்.

மடல் 4: இலங்கை உறுப்பினர்

ஆற்றுப்படை என்ற சொல்லில் எனக்கொரு தயக்கம். எங்கட பக்கம் ஆற்றுப்படுத்தல் என்டால் மனம் உடைஞ்ச ஆக்களோட இருந்து கதைக்கிறது, உளவளத்துணை. ஆற்றுப்படுத்துநர் என்டு பதவியே இருக்கு. அந்தப் பொத்தானைப் பார்த்தால், வண்டி ஓட்டேக்க அழுகை வந்தால் அழுத்த வேணும் என்டுதான் நினைப்பினம்.

மடல் 5: தனித்தமிழ் அன்பர்

சுற்றுலா என்பதை முதலில் கைவிடுங்கள். உலா என்றால் தலைவன் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்து மகளிரும் மயங்க வேண்டும். காட்டில் யார் மயங்குகிறார்கள்? பயணமும் ஆகாது, வடசொல் வழி வந்தது. போதலுக்குத் தமிழில் செலவு. "செலவினும் வரவினும்" என்று நூற்பாவே இருக்கிறது. செவிச்செலவு என்பது என் பரிந்துரை.

காட்டுவழிக்குச் சுரம் என்ற சொல்லும் கிடக்கிறது. அருஞ்சுரம் கடந்த தலைவனை நாம் அறிவோம். இசையின் சுரமும் அதே ஒலிப்பு. ஒரே சொல்லில் வழியும் ஒலியும்! சுரச்செலவு என்றாலும் பொருந்தும்.

மடல் 6: நிரல் எழுதுபவர்

இசைச் சுரம் மட்டும் எங்கிருந்து வந்ததாம், ஐயா? அது போக, சுரம் என்றால் காய்ச்சலும்தான். சுரச்செலவு என்றால் மருந்துக் கடைச் சீட்டு. செவிச்செலவு அதைவிட மோசம். "செவிச்செலவைத் தொடங்கு" என்ற பொத்தானுக்கு அடுத்த திரையில் "மொத்தச் செலவு" என்று கட்டணம் வரும்.

செவி என்றாலே காதுக்கருவி நினைவு வருவதும் சிக்கல். கலிபோர்னியாவில் இரண்டு காதையும் மூடிக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம். இந்தச் செயலிகள் வண்டியின் ஒலிபெருக்கியில் கேட்கச் சொல்கின்றன.

"செவிவழிப் பயணம்" என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். செவிவழிச் செய்தி ஆகிவிடாதா? பல பதிவுகளில் வரும் பேய்க்கதைகளைக் கேட்டால் அதுவே சரியான பெயர் என்றும் தோன்றுகிறது.

மடல் 7: காடு சுற்றும் உறுப்பினர்

இதுவரை யாரும் காட்டைப் பற்றிப் பேசவில்லை. மூலத்தில் உள்ள "வில்டர்னஸ்" காடு அன்று, மனிதக் கை படாத நிலம். மரமே இல்லாத பாலையாகவும் இருக்கலாம். கானகம், வனம் என்று போட்டால் டெத் வேலிப் பாலையில் ஓட்டுபவர் எதைப் பார்ப்பார்?

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு 1964இல் சட்டமே போட்டார்கள். அப்படி அறிவித்த நிலத்தில் நிரந்தரச் சாலை கூடாது, மோட்டார் வண்டி கூடாது. அந்தப் பொருளில் பார்த்தால் அதற்குள் வண்டி ஓட்டவே முடியாது, ஓரமாகத்தான் போகலாம். விளம்பரம் எழுதியவர் சட்டம் படிக்கவில்லை. நாமும் அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

சுற்றுலா வேண்டாம் என்பதில் அன்பரோடு ஒப்புகிறேன், வேறு காரணத்துக்காக. கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங் டு தி சன் சாலை 1933இல் திறந்தது. ஏறக்குறைய 80 கி.மீ. மலையின் ஒரு பக்கம் ஏறி, 2,026 மீட்டர் உயரத்தில் லோகன் கணவாயைத் தாண்டி, மறுபக்கம் இறங்கும். சுற்றி வருவதே இல்லை. எந்த முனையில் தொடங்கினீர்களோ அதற்கேற்ப இடம் வலம் மாறும், பதிவும் மாற வேண்டும்.

மடல் 8: புதிய உறுப்பினர்

"ஆடியோ டூர்" என்று போட்டால் எல்லாருக்கும் புரியுமே? தவறாக எண்ண வேண்டாம்.

மடல் 9: தனித்தமிழ் அன்பர்

எண்ணத்தான் செய்கிறேன். எல்லாருக்கும் புரிந்ததை மட்டும் எழுதியிருந்தால் பேருந்து இன்றும் பஸ்ஸாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

மடல் 10: நிரல் எழுதுபவர்

இன்றும் பஸ்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐயா.

மடல் 11: இழை தொடங்கியவர்

இரண்டு பேரும் சற்று நிறுத்துங்கள். ஒரு சோதனை செய்தேன்.

இந்தச் சொல்லை யாரும் உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. தொடக்கத்தில் செயலியே சொல்லும், ஓட்டுபவர் பாதையில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்பார். எனவே பரிந்துரைகளைச் செயற்கைக் குரலில் பதிந்து, என் அக்காவை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது, காற்று இரைச்சல். "ஒலியாற்றுப்படை தொடங்குகிறது" என்றது. அக்கா பிரேக்கில் கால் வைத்து, "எந்த ஆத்துப் படுகை? இங்க ஆறே இல்லையே" என்றாள். திரும்பப் போட்டேன். "ஒளியா, ஒழியா?" என்று கேட்டாள்.

தாளில் நமக்கு மூன்று எழுத்து. வண்டிக்குள் மூன்றும் ஒன்றுதான். ஒலி என்று தொடங்கும் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

செவிச்செலவுக்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை, வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளே கேட்டாள்: "தனியாப் போறவளுக்கு வழித்துணையா ஒரு குரல் வருது, அவ்வளவுதானே? அதுக்கு ஏன் இத்தனை பேர்?"

வழித்துணைக் குரல். 17 குறி. சரியா?

மடல் 12: இலங்கை உறுப்பினர்

வழித்துணை எங்களுக்கும் விளங்கும். என்ர வாக்கு இதுக்கு.

மடல் 13: இலக்கண ஆசிரியர்

வழித்துணை நல்ல சொல், மறுக்கவில்லை. "பயந்த தனிவழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே" என்று கந்தரலங்காரத்தில் அருணகிரியார் பாடியிருக்கிறார். அங்கே தனிவழி என்பதற்கு உயிர் பிரிந்தபின் போகும் வழி என்றே பலரும் பொருள் கொள்வர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆனால் நீங்கள் பெயர் வைத்தது குரலுக்கு. கேட்டது அந்தப் போக்குக்கு. அது இன்னும் பெயரில்லாமல்தான் இருக்கிறது.

மடல் 14: நிரல் எழுதுபவர்

தனிவழி விளக்கத்தைச் செயலியின் உதவிப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள், அக்கா. கொண்டை ஊசி வளைவில் அதைப் படித்தால் ஓட்டுகிறவர் இறங்கிவிடுவார்.

வழித்துணைக் குரலுக்கு என் ஒப்புதல்.

மடல் 15: இழை தொடங்கியவர்

இரண்டு பேர் சரி என்கிறீர்கள், என்னையும் என் அக்காவையும் சேர்த்தால் நான்கு. கோப்பை அனுப்பிவிட்டேன். தலைப்பில் வெறுமனே "பயணம்" என்று விட்டேன், பொத்தானில் "வழித்துணைக் குரல்". ஐயா சொன்ன குறை குறைதான், அதை அடைக்க எனக்கு இன்று தெம்பில்லை.

மடல் 16: இலக்கண ஆசிரியர்

அனுப்பியது அனுப்பியதாகவே இருக்கட்டும். அடுத்த பதிப்பில் பொத்தானுக்கு எத்தனை குறி தருவார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஒலி இல்லாத ஆற்றுப்படை ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன்.