நெல்லைச் சொந்தங்கள், சிகாகோ (ரகுவைச் சேர்க்க வேண்டாம்)

மீனா: நேப்பர்வில்லில் ரகு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் கைத்துப்பாக்கி. பக்கத்திலேயே குண்டுப் பெட்டி, பிரித்தது.

வசந்தா சித்தி: முருகா!

கார்த்திக்: நேற்று இரவு எனக்கு எழுதியிருக்கிறான்: "இனி யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன்."

பாலு மாமா: வேலை போன ஆத்திரம். தெளிந்துவிடுவான்.

சுந்தரம் மாமா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். இல்லினாய் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் இதற்கென்றே துப்பாக்கித் தடை உத்தரவுச் சட்டம் இருக்கிறது. ரத்த உறவோ போலீசோ மனுப் போடலாம். கட்டணம் கிடையாது. அவசர மனுவை அன்றே, தவறினால் மறுநாள் நீதிபதி விசாரிப்பார். அவனுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கியும் உரிம அட்டையும் போலீஸ் கைக்குப் போகும். 14 நாளுக்குள் அவனையும் அழைத்து முழு விசாரணை. அதன்பின் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தடை. சிகாகோ பக்கம் ஹைலேண்ட் பார்க்கில் 2022 ஜூலை 4 அணிவகுப்பில் கூட்டத்தைச் சுட்டவனை நினைத்துப் பாருங்கள். 2019லேயே வீட்டார் சொல்லிப் போலீஸ் கத்திகளை எடுத்துப்போனது. இந்த மனுவை மட்டும் யாரும் போடவில்லை.

வசந்தா சித்தி: அண்ணா, கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

பாலு மாமா: நீதிமன்றம் என்றால் சுந்தரம் அண்ணனுக்குக் கல்யாணச் சாப்பாடு. வரப்பு வழக்கை மறப்பேனா?

சுந்தரம் மாமா: அந்த வரப்பு என்னுடையதுதான்.

கார்த்திக்: குற்றப் பதிவு ஆகுமா, மாமா?

சுந்தரம் மாமா: சிவில் உத்தரவு. மீறினால்தான் குற்றம்.

வசந்தா சித்தி: ஞாயிற்றுக்கிழமை ஆரோரா பாலாஜி கோவிலில் காதுகுத்து. 40 பேருக்குப் புளியோதரை சொல்லிவிட்டேன். ரகு மடியில்தானே குழந்தை உட்கார வேண்டும்?

மீனா: அதைத்தான் நினைக்கிறேன் சித்தி. தாய்மாமன் மீதே நான் கையெழுத்துப் போடுவதா?

பாலு மாமா: அப்புறம் உன் முகத்தில் விழிப்பானா?

கார்த்திக்: உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும். நான் இப்போதே அங்கே கிளம்புகிறேன். வழியில் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கும் பேசுகிறேன்.

வசந்தா சித்தி: ஊரில் அக்காவிடம் யாரும் மூச்சு விடாதீர்கள்.

சுந்தரம் மாமா: மீனா, காலையில் வீட்டன் நகரில் உள்ள டுபேஜ் கவுண்டி நீதிமன்றம். கார்த்திக்குக்கு வந்த செய்தியை எடுத்துப் போ.

மீனா: முதலில் அண்ணனிடம் கேட்கிறேன். தானாகக் கொடுத்துவிட்டால்...

சுந்தரம் மாமா: கொடுக்காவிட்டால்?

வசந்தா சித்தி: புளியோதரையைக் குறைக்கவா, அப்படியே விடவா?

மீனா: எட்டு மணிக்கு வண்டி எடுக்கிறேன். கூட யார் வருகிறீர்கள்?

பாலு மாமா: நான் வருகிறேன். சுந்தரம் அண்ணன் வர வேண்டாம்.