மாட்டு விலை இப்படி இறங்குதே, வித்துறலாமா வச்சிருக்கலாமா? (குமரி மாவட்டம்)

திருவட்டாறு_தொழுவம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருவட்டாறு பக்கம், ரப்பர் கொஞ்சம், மாடு கொஞ்சம். எனக்க தொழுவத்துல இப்போ ஜெர்சி கிராஸ் நாலு, ரெண்டு கிடேரி. நாலுல ரெண்டு கறவையில நிக்குது, ஒண்ணு ரெண்டாம் ஈத்து, ஏழு மாச சினை. இன்னொண்ணு வத்திப்போச்சு, ஆறு ஈத்து போட்டாச்சு, ஊசி போட்டுப் போட்டுப் பாத்தும் சினை நிக்கல.

போன வருஷம் இதே மாதிரி சினை மாட்டுக்கு வீட்டு வாசல்ல வந்து அறுபத்தஞ்சாயிரம் கேட்டாங்க, இப்போ தரகர் வந்து மடியைத் தடவிப் பாத்து, பல்லைப் பிடிச்சுப் பாத்து, அரைமணி நேரம் சுத்திச் சுத்தி வந்துட்டு நாப்பத்தெட்டுக்கு மேல ஏறவே மாட்டேங்காரு. வத்துன மாட்டுக்கு அவரு சொன்ன விலைய எழுதவே மனசு வரல. பாலும் அப்படித்தான், டீக்கடைக்கு ஊத்துறதுல கிடைக்கிறது பரவால்ல, மிச்சத்த எடுக்குற தனியார் பால்காரங்க கொழுப்பு பத்தல, எஸ்என்எஃப் (கொழுப்பு இல்லாத மத்த சத்து) பத்தலன்னு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிட்டே வாறாங்க. தீவன மூட்ட மட்டும் ஒரு நாளும் இறங்குனதில்ல.

எனக்குப் புரியாதது இதுதான். டிவியில அமெரிக்காவுல மாட்டு விலை இதுவரைக்கும் இல்லாத உச்சத்துல இருக்குன்னு சொல்றாங்க, இந்தியா மாட்டிறைச்சி ஏத்துமதியில பெரிய நாடுன்னும் சொல்றாங்க, அப்போ நமக்கு ஏன் விலை இறங்கணும்? வெளிநாட்டோட ஒப்பந்தம் போட்டு பால் பவுடர் வந்து இறங்கப் போகுது, மாட்டை நம்பி இருக்காதீங்கன்னு வேற ஒரு பேச்சு. மகன் எல்லாத்தையும் தள்ளிவிடச் சொல்றான். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம்_சந்தைக்காரன்:

அண்ணா, எங்க வீட்டுல அப்பா காலத்துல இருந்து மாட்டு யாவாரம். அதனால நேரா சொல்றேன், அந்த ரெண்டு மாட்டையும் ஒரே கணக்குல பாக்காதீங்க. சினை மாட்டுக்க விலை பால் விலையப் பாத்து நிக்கும், வத்துன மாட்டுக்க விலை கேரள எல்லையில உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இறைச்சி எவ்வளவு ஓடுதுன்னு பாத்து நிக்கும். கேரளத்துல அறுப்புக்குப் போற மாடு பெரும்பாலும் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகத்துல இருந்து போறதுதான். பொள்ளாச்சிச் சந்தையில செவ்வாயும் வியாழனும் கேரளா வண்டி எத்தன வந்துதுன்னு கேட்டாப் போதும், நம்ம பக்கத்து விலை எப்படி இருக்கும்னு சொல்லிரலாம்.

இப்போ தவக்காலம். நம்ம மாவட்டத்துலயும் சரி, திருவனந்தபுரம் பக்கமும் சரி, நோம்பு பிடிக்கிற குடும்பம் அதிகம், கறிக்கடையில ஓட்டம் கம்மி. தரகருக்கு இது நல்லாத் தெரியும், அதான் இப்போ வந்து விலை பேசுறாரு. ஈஸ்டருக்கு முந்தின ரெண்டு வாரம் விலை எழும்பும், அது வருஷா வருஷம் நடக்கிறதுதான். அது தப்பிட்டாலும் இன்னொரு காலம் இருக்கு. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை சின்னமுட்டம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் போகாது. மீன் விலை ஏறுனா சனம் கறிக்குத் திரும்பும், அப்போ வத்துன மாட்டுக்கும் கேக்க ஆள் வரும். ஆனா அது வரைக்கும் தீவனம் போட்டு நிறுத்துறது கட்டுபடி ஆகுமான்னு நீங்கதான் பாக்கணும், புல்லு உங்களுக்க தோட்டத்துலயே இருந்தா நிறுத்தலாம், காசு குடுத்து வாங்கிப் போடணும்னா ஈஸ்டரோட குடுத்துருங்க.

இன்னொண்ணு. வத்துன மாட்டையும் காளைக்கன்னையும் எடுக்க ஆள் இருக்கிற வரைதான் கறவை மாட்டுக்கும் மதிப்பு. 2017 மே மாசம் மத்திய அரசு சந்தையில அறுப்புக்கு மாடு விக்கக் கூடாதுன்னு விதி கொண்டு வந்துதே, ஒரு வாரத்துல மதுரை ஹைகோர்ட் கிளை தடை போட்டுது, பிறகு சுப்ரீம் கோர்ட் அதை நாடு முழுக்க ஆக்குச்சு. அந்தக் கொஞ்ச நாள்ல வண்டி ஓட்ட ஆளு பயந்து சந்தை காலியாக் கிடந்துது. நல்ல கறவை மாட்டைக் கூட கேக்க ஆளில்ல, ஏன்னா வாங்குறவன் நாளைக்கு இது வத்துனா எங்க கொண்டு போய்க் குடுப்பேன்னு யோசிப்பான்.

மஸ்கட்_குமரிக்காரன்:

நான் குலசேகரம், இப்போ ஓமன்ல ஒரு பெரிய கடையில இறைச்சிப் பிரிவுல வேலை. ஏத்துமதி கேள்விக்கு நான் சொல்றேன். இங்க ஃப்ரீசர்ல இந்தியான்னு எழுதி இருக்கிறது எல்லாம் எலும்பு எடுத்த எருமைக் கறி, பிரேசில், ஆஸ்திரேலியா மாட்டுக்கறி பக்கத்துல அடுக்கி இருக்கும், நம்மளது அதைவிட விலை கம்மி, அதனாலதான் ஓடுது. பசு, காளை, கன்னுக்குட்டி இறைச்சிய இந்தியாவுல இருந்து ஏத்துமதி செய்ய அனுமதியே கிடையாது. எருமையும் பெரும்பாலும் உத்தரப்பிரதேசம் பக்கத்துல இருந்து போகுது, வியட்நாம், மலேசியா, எகிப்துன்னு போகும். அப்போ உலகத்துல மாட்டுக்கறி ஏறுனாலும் திருவட்டாறுல நிக்கிற ஜெர்சிக்கு அதுல ஒரு ரூபா வராது.

அமெரிக்கா கதையும் நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. வருஷக்கணக்கா வறட்சி, புல்லு இல்லாம அங்க உள்ளவங்க தாய் மாட்டையே வித்துத் தள்ளிட்டாங்க. 2025 ஜனவரிக் கணக்குப்படி மொத்த மாடு 8 கோடியே 67 லட்சம், 1951க்குப் பிறகு அது வரைக்கும் அவ்வளவு குறைஞ்சதே இல்ல. அது போதாதுன்னு மெக்சிகோவுல புண்ணுல முட்டை போட்டு உயிரோட தின்னுற ஒரு ஈப்புழு பரவி, அங்க இருந்து கன்னு வாறதயும் நிறுத்திட்டாங்க. அதான் விலை ஏறுச்சு. ஆனா அங்க மாடு வளக்கிறவங்களும் நிம்மதியா இல்ல. 2025 அக்டோபர்ல டிரம்ப் அர்ஜென்டினா கறி இறக்குவோம்னு ஒரு வார்த்தை விட்டதும் மாட்டு வாயிதா விலை (பின்னால குடுக்கிற மாட்டுக்கு முன்கூட்டியே பேசுற விலை) சரிஞ்சுது, மாட்டுக்காரங்க கொதிச்சுப் போனாங்க. பிரேசில் கறிக்கு அதே வருஷம் ஆகஸ்ட்ல இன்னும் 40 சதவீதம் போட்டு கூடுதல் வரிய மொத்தம் 50 சதவீதம் ஆக்குனாங்க, கடையில விலை தாங்காம நவம்பர்ல எடுத்துட்டாங்க. சீனா 2026 ஜனவரி 1ல இருந்து அளவுக்கு மேல வாற மாட்டிறைச்சிக்கு 55 சதவீதம் கூடுதல் வரின்னு சொல்லிருச்சு. அங்க விக்க முடியாத பிரேசில் கறி வளைகுடாவுக்குத் திரும்புனா நம்ம நாட்டு எருமைக்காரங்களுக்குத்தான் நெருக்கடி வரும்னு எனக்குத் தோணுது.

சங்கத்து_மாமா:

தம்பி திருவட்டாறு, நான் பால் சங்கத்துல செயலாளரா இருந்து ஓய்வு பெத்தவன். உலகச் சந்தை உங்களைத் தொடுறது கறி வழியா இல்ல, பால் பவுடர் வழியாத்தான். இதைக் கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

நூறு லிட்டர் பசும்பாலை உடைச்சா ஏறக்குறைய எட்டரை கிலோ பவுடரும் நாலு கிலோவுக்கு மேல வெண்ணெயும் கிடைக்கும். தனியார் கம்பெனி மழைக்காலம் முடிஞ்சு பால் பெருகுற நேரத்துல பாக்கெட்டுக்குப் போக மிச்சத்த இப்படித்தான் மாத்தி வைக்கும். நியூசிலாந்துக்காரங்க மாசம் ரெண்டு தடவை நடத்துற ஏலத்துல பவுடர் விலை இறங்கிட்டா நம்ம கம்பெனியால ஏத்துமதி பண்ண முடியாது, மூட்டை குடோன்ல தேங்கும், முடங்குன காசை யாருகிட்ட இருந்து எடுப்பாங்க? உங்ககிட்டதான். 2022ல உச்சத்துக்குப் போன உலக பவுடர் விலை 2023ல நல்லா சரிஞ்சுது, அதுக்குப் பிறகு தமிழ்நாட்டுலயும் தனியார் கொள்முதல் இறங்குனது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அதே 2023 டிசம்பர்லதான் ஆவின் பசும்பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபா சேத்து 35ல இருந்து 38 ஆக்குச்சு. தனியார் நல்ல விலை குடுக்கும்போது சங்கத்தை விட்டுட்டு ஓடுறது, அவங்க குறைச்சதும் சங்கம் எடுக்கலன்னு கோவப்படுறது, இதை நான் எத்தனையோ வீட்டுல பாத்தாச்சு. ஒரு பங்கு பாலாவது வருஷம் முழுக்க சங்கத்துக்கு ஊத்துங்க, மோசமான காலத்துல அதுதான் கை குடுக்கும்.

ஒப்பந்தம் பத்தி பயம் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், விழிப்பா இருக்கணும். ஆனா இதுவரைக்கும் பால் கதவு திறக்கல. 2019 நவம்பர் 4ல ஆசிய-பசிபிக் நாடுகளோட ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்துல சேரலன்னு இந்தியா சொன்னதுக்கு நியூசிலாந்துப் பால் பயம் ஒரு பெரிய காரணம். ஆஸ்திரேலியா ஒப்பந்தம் 2022, இங்கிலாந்து ஒப்பந்தம் 2025 ஜூலை, ரெண்டுலயும் பால் பொருளுக்குச் சலுகை இல்ல. 2025 டிசம்பர்ல நியூசிலாந்தோட பேச்சு முடிஞ்சப்போ கூட நம்ம கடைக்குப் பால், சீஸ் விடல. அமெரிக்காவோட பேச்சு இழுத்தப்பவும் பால் ஒரு பெரிய முட்டுக்கட்டையா இருந்துது, மாட்டுக்கு ரத்தத்தூள், உள்ளுறுப்பு கலந்த தீவனம் போடலன்னு சான்று கேக்குறோம், அவங்க தரமாட்டேங்காங்க. இப்பவும் பவுடர் 10,000 டன் வரை 15 சதவீத வரியில வரலாம், அதுக்கு மேல 60 சதவீதம். அந்த 60தான் நம்ம வேலி, அதுல யாரும் கை வைக்காமப் பாத்துக்கணும். எட்டு கோடி குடும்பம் நாலு மாடு, ரெண்டு மாடுன்னு வச்சிருக்கிற நாட்டுல அந்த வேலி போனா நம்மளால எழும்ப முடியாது, எனக்கு இதுல ரெண்டாவது கருத்தே கிடையாது.

உங்க சினை மாட்டை மட்டும் இப்போ குடுக்காதீங்க. ரெண்டு மாசத்துல ஈனிரும். தாயும் பொட்டைக்கன்னுமா நிக்கிற மாட்டுக்கு வாற விலையே வேற. இப்போ தாது உப்பு சரியாப் போடுங்க, ஈனுன உடனே பால் காய்ச்சல் வந்து படுத்துரக் கூடாது. இன்சூரன்ஸ் போடுங்க, காதுல தோடு இருக்கணும். கைமாத்தா தரகர் கிட்டயோ பால் எடுக்கிறவங்க கிட்டயோ முன்பணம் வாங்கிராதீங்க, வாங்கிட்டா அவங்க சொன்ன விலைக்குத்தான் ஊத்தணும். பேங்க்ல மாட்டுக்கும் கிசான் கார்டு கடன் உண்டு, 2 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காக் கட்டுனா 3 சதவீதம் கழிஞ்சு 4தான் வரும்.

நாகர்கோவில்_இளங்கன்னு:

மாமா சொல்றது எல்லாம் சரி, ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு அடர்தீவனமே அஞ்சரை கிலோ வேணும், அதுக்கு மேல வைக்கோல், மருந்து, காலைல நாலு மணிக்கு எழும்புற ஆளுக்கு கூலியே போடாமத்தான் லாபம் வருது. மகன் சொல்றதுல நியாயம் இருக்கு.

தோவாளை_வயல்:

கூலி போடாம லாபம்னு சொல்றது உண்மைதான், அதை நான் மறுக்கல. ஆனா தம்பி, செலவை இறக்க வழி இருக்கு. தீவன விலை ஏறுனதுக்கு ஒரு காரணம், மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போக ஆரம்பிச்சப்போ கம்பெனிக்கு அது விலை கூடுச்சு. எத்தனால் எடுத்த சக்கை, டிடிஜிஎஸ்ங்காங்களே, அது இப்போ மலிவாக் கிடைக்குதுன்னு சிலர் மூட்டை மூட்டையா வாங்குறாங்க. கொஞ்சமாக் கலக்கலாம், ஆனா பூசணம் பிடிச்சதுன்னா அதுல உள்ள விஷம் சோளத்துல இருந்ததைவிட செறிவா இருக்கும், மோந்து பாத்து, கையில எடுத்து உதுத்துப் பாத்து வாங்கணும். இதுக்காக அமெரிக்கா மக்காச்சோளம் வரட்டும்னு நான் சொல்லமாட்டேன், பெரம்பலூர் பக்கம் அதை நம்பி இருக்கிறவன் நம்மள மாதிரி விவசாயிதான்.

இப்போ இங்க கும்பப்பூ நெல்லு அறுவடை நடக்குது. மிஷின் அறுத்த வயல்ல வைக்கோல் கட்டு போட்டு வரப்புல கிடக்கு, கேரளா லாரி வந்து அள்ளிட்டுப் போறான், நம்ம ஆளுக சித்திரை வைகாசியில வந்து ரெட்டிப்பு விலைக்குக் கேக்குறாங்க. இப்பவே வாங்கி நனையாம அடுக்கிட்டா அடுத்த போகம் கன்னிப்பூ அறுவடை வரைக்கும் ஓட்டலாம். மஞ்சள் நிறம் மாறாம இருக்கிற கட்டா பாத்து எடுங்க, மழை நனைஞ்சது உள்ள கறுத்து சூடா இருக்கும், கையை உள்ள விட்டா தெரிஞ்சிரும். ரப்பர் நடுவுல நிழல் கூடிட்டா கோ-4 புல்லு வராது, ஓடைக் கரையில நட்டு விடுங்க. வாழைத்தண்டு கிடைச்சா வெட்டிப் போடுங்க, ஆனா அதையே நம்பி நிறுத்தாதீங்க, தண்ணிதான் கூட.

திருவட்டாறு_தொழுவம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகன்கிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனேன், கொஞ்சம் அடங்கி இருக்கான். சினை மாட்டை நிறுத்துறேன், வத்துனதை ஈஸ்டருக்கு முந்தின வாரம் பேசிப் பாக்கேன். காலையில ஊத்துற பால்ல பாதிய திரும்ப சங்கத்துக்குக் கொண்டு போகலாம்னு இருக்கேன், அங்க டெஸ்ட் பண்ற மிஷின் சரியா இருக்கான்னுதான் பாக்கணும்.

தோவாளை அண்ணா, ஒரு டெம்போ வைக்கோல் இங்க வரைக்கும் கொண்டு வர வாடகையோட என்ன ஆகும்? கட்டு எத்தன கிலோ வரும்?

தோவாளை_வயல்:

கட்டு பதினஞ்சுல இருந்து இருவது கிலோ வரும், ஈரத்தைப் பொறுத்து கூடும் குறையும், எடை போட்டு வாங்குங்க, எண்ணி வாங்காதீங்க. வாடகை வண்டிக்காரன் சொல்றதுதான். உங்க பக்கம் இன்னும் ரெண்டு மூணு வீட்டுக்காரங்க சேந்தா ஒரே லாரியில கொண்டு வந்துரலாம், வாடகை பங்கு போட்டா கையில நிக்கும். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, திட்டுவிளை பக்கம் ஒரு வயல் திங்கள்கிழமை கட்டு போடுறாங்க.