குதிரைமொழித் தேரியில் பார்த்ததும் கேட்டதும்

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போகிற பலரும் தேரி என்கிற செம்மணல் மேடுகளைப் பார்த்திருப்பார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, செக்கச் செவேல் என்று கிடக்கும் மணலில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, "நம்ம ஊரிலும் பாலைவனம் இருக்கு பாரு" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அந்த மணலில் பயிர் வைத்துப் பிழைத்தவர்கள் சிலரிடம் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

குதிரைமொழித் தேரி மட்டும் ஏறத்தாழ 12,000 ஏக்கர். வனத்துறையின் கையில் இருக்கிறது. காற்று குவித்த மணல் அது. மணல் துகள் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. மனிதக் கால் பட்ட காலமும் கொஞ்சமில்லை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குதிரைமொழி, புத்தன்தருவை என்று பல இடங்களில் கிடைத்த சின்னஞ்சிறு கல் கருவிகளைப் பற்றிய ஆய்வு 1956-லேயே வெளிவந்துவிட்டது.

முதலில் பேசியது ஒரு பனையேறி அண்ணாச்சியிடம். பதநீர் காய்ச்சுகிற குடிசையை அங்கே விடிலி என்பார்கள். நான் போனபோது உள்ளே அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி அகப்பையை விடாமல் கிண்டியபடி காய்ந்த ஓலையைத் தள்ளித் தள்ளி எரித்தார். பாகு பதத்துக்கு வந்ததும் வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார்கள். உடன்குடிக் கருப்பட்டி என்று நாம் கடையில் கேட்டு வாங்குவது இப்படி வருவதுதான்.

வெளியே வந்து நின்றபோது பக்கத்திலிருந்த பனையைக் காட்டி அண்ணாச்சி சொன்னார்: "எங்க அப்பா ஏறுனப்போ இந்த மரம் இன்னும் நாலு முழம் ஒசரம் தம்பி. மரம் குட்டையாகல. மண்ணு ஏறிட்டு." அடிமரம் முழுக்க மணலுக்குள் போயிருந்தது. கொஞ்சம் மேற்கே கூட்டிப்போய் இன்னொரு மரத்தைக் காட்டினார். அதற்கு நேர்மாறாக, வேர்க்கொத்து ஆள் இடுப்பு உயரத்துக்கு வெளியே தெரிந்தது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று ஒரு பக்கம் பறித்து மறுபக்கம் போடுகிறது. பனையின் அடியைப் பார்த்தே மணல் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று அவர் சொல்லிவிடுகிறார்.

அந்தக் காற்றோடு சண்டை போடாமல் விவசாயம் செய்திருக்கிறார்கள். விளைக்கு, அதாவது பயிர் வைக்கிற நிலத்துக்கு, மேற்கே பனை மட்டையால் வேலி கட்டுவார்கள். மணல் வேலியடியில் தங்கும். வேலி மூடிப்போனால் அதன் மேலேயே அடுத்த வேலி. ஊரையொட்டிய மேடுகளில் சிலவற்றை இப்படி நாங்கள்தான் வளர்த்தோம் என்று அண்ணாச்சி சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இயற்கையாகக் கிடப்பது என்று நான் நினைத்த மேட்டில் பாதி மனிதர் உழைப்பு.

அப்புறம் ஓர் ஆச்சி. பனைகளுக்கு நடுவே ஐப்பசி மழைக்குக் காணம் விதைத்துப் பழகியவர். காணம் என்றால் கொள்ளுதான். பயறும் எள்ளும்கூட உண்டு. உரத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கிடை போடுவோம், வேற என்ன?" என்றார். ஆட்டுக்காரர்கள் மந்தையை ராத்திரி நிலத்தில் அடைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். வருஷத்துக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெய்கிற மாவட்டம். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மணலில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று கேட்டதற்கு ஆச்சி பதில் சொல்லவில்லை. குனிந்து கையால் மேல்மணலைத் தள்ளினார். ஒரு சாண் வரைக்கும் உதிரி மணல், சுடுகிறது. அதற்குக் கீழே நிறம் கறுத்து, பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈர மணல். மழை முடிந்து பல வாரம் ஆன பிறகு!

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தேரியில் மழைநீர் ஓடைகட்டி ஓடுவது குறைவு. விழுந்தது விழுந்த இடத்திலேயே இறங்குகிறது. மேல்மணல் காய்ந்து மூடிபோல் கிடப்பதால் கீழே ஈரம் தங்குகிறது. அதற்கும் கீழே நன்னீர் சேர்ந்து மேட்டடியில் சுனையாகக் கசியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தச் சுனை தெரியும். தேரிக்கு நடுவே தாழ்ந்த இடங்களில் தருவைகள், அதாவது மழைநீர் தேங்கும் ஏரிகள், இருக்கின்றன. வைரவன்தருவையும் புத்தன்தருவையும் பெருகிய வருஷம் சுற்றுவட்டாரக் கிணறுகள் தித்திக்கும் என்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழே அத்தனை அடிக்கு உப்பு ஏறிவரும். மழையை இறக்கி அந்த நன்னீரைச் சேர்த்து வைப்பது இந்த மேடுகள். ஆகவே ஒரு மேட்டை மட்டம் தட்டுவது வெறும் மண்வேலை இல்லை.

ஆனால் நடந்தது அதுதான். தோட்டம் வைத்திருந்த ஒருவர் தன் கதையைச் சொன்னார். பக்கத்து நிலத்தை வெளியூர்க்காரர் யாரோ வாங்கியிருக்கிறார்கள். பொக்லைன் வந்தது, பனைகளை வேரோடு சாய்த்தது, மரங்கள் செங்கல் சூளைக்குப் போயின. மேட்டைச் சமப்படுத்தி, ஆழ்துளைக் கிணறு போட்டு வாழை வைத்தார்கள். முதலில் செழிப்பாகத்தான் வந்ததாம். பிறகு தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது, இலை விளிம்பு கருகியது. வாங்கியவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். இவருடைய பழைய கிணறும் சேர்ந்து உவர்த்துப்போனது. இப்போது குடிக்கக் குடத்துக்குக் காசு கொடுக்கிறார். வெட்டவெளியான இடத்திலிருந்து மணல் பறந்து இவர் முருங்கையை மூடுகிறது. கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மோட்டார் வைத்துப் பயிர் செய்வதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சொட்டுநீரில் முருங்கை வைத்துப் பிழைக்கிற குடும்பங்களும் அங்கே உண்டு. பனையையும் மேட்டையும் அழித்துவிட்டு அதே மண்ணில் தண்ணீர் தேடுவதைத்தான் சொல்கிறேன்.

2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் மரத்துக்கு இருக்கிற காவல் அது நிற்கும் மேட்டுக்கும் வேண்டும். அதோடு, ஏறுவதற்கு ஆள் வேண்டும். அண்ணாச்சியின் பையன்கள் சென்னையில் கடை வைத்திருக்கிறார்கள். ஏறாத பனையைக் காக்க யாருக்கும் அக்கறை வராது, விற்றுவிடுவார்கள் என்று அவரே சொன்னார். சீனி கலக்காத கருப்பட்டிக்கு ஏற்ற விலை கிடைத்தால் திரும்பி வரச் சிலர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

நாகப்பட்டினம் மாவட்டத்து வேதாரண்யம், புஷ்பவனம் பக்கத்து மணல்மேடுகளிலும் இப்படித் தோட்டம் வைத்தவர்கள் இருப்பார்கள். 2018 கஜா புயலுக்குப் பிறகு அங்கே கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது, மேடுகள் மிச்சம் இருக்கின்றனவா என்று அந்தப் பக்கத்து ஆட்கள் எழுதினால் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.